மேம்பாலம் ஏறிய முன்யோசனைக்கு ஒரு வாழ்த்துமடல்

சென்னையின் தாழ்வான தெருக்களில் வாழும் பெருமக்களே! வேளச்சேரி, மடிப்பாக்கம், முடிச்சூர், வரதராஜபுரம், பள்ளிக்கரணை, புளியந்தோப்பு, வியாசர்பாடி என்று மழைக்காலச் செய்திகளில் தவறாமல் இடம்பிடிக்கும் பேட்டைகளின் குடிமக்களே! ஐப்பசி பிறக்கப் போகிறது. ஆண்டுதோறும் இந்த நேரத்தில் ஊரே உங்களைக் குறை சொல்லும். ஏரிக்குள் வீடு கட்டினால் தண்ணீர் வராமல் வேறென்ன வரும் என்று கேட்கும். அந்தக் கூட்டத்தில் நான் சேரவில்லை. உங்கள் திறமைகளை ஒவ்வொன்றாக எடுத்து, தக்க சான்றோடு, சபையறியப் புகழ்வதற்கே இந்த மடல். இதில் மிகைச்சொல் ஒன்றும் இராது.

முன்யோசனை மிக்கோரே! 2024 அக்டோபர் நடுவில் கனமழை எச்சரிக்கை வந்தபோது நீங்கள் செய்ததை நாடே பார்த்தது. பெருமழை பிடிக்கும் முன்பே வேளச்சேரி மேம்பாலத்தின் ஓரங்களில் கார்கள் வரிசையாக வந்து நின்றன. யாரும் தண்டோரா போடவில்லை. அரசாணை வரவில்லை. கூட்டம் கூட்டித் தீர்மானம் நிறைவேற்றவில்லை. வானிலை அறிவிப்பைக் கேட்டீர்கள். 2015 வெள்ளத்தையும் 2023 மிக்ஜாம் புயலையும் நினைத்துப் பார்த்தீர்கள். தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வரும், எவ்வளவு ஏறும், எது முதலில் மூழ்கும், அருகில் மேடான இடம் எது என்று கணக்குப் போட்டு, சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டீர்கள். ஆபத்தை முன்கூட்டி அறிவது, எளிதில் பாதிக்கப்படுவதை அடையாளம் காண்பது, வெள்ளம் வருமுன் பாதுகாப்பான இடத்துக்குக் கொண்டுபோவது: பேரிடர் மேலாண்மை வகுப்புகளில் நாள்கணக்கில் சொல்லித்தரும் இந்த மூன்றையும் ஒரே மாலையில் முடித்துவிட்டீர்கள்.

அதே மாலையில் உங்கள் தெருவில் மேட்டுக்குப் போகாத சிலரும் இருந்தார்கள். தரைத்தளத்தின் பின்போர்ஷனில் பக்கவாதத்தில் படுத்திருக்கும் பெரியவர். வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸுக்குப் போகிறவர். நிறைமாதக் கர்ப்பிணி. கட்டுமான இடத்துத் தகரக் கொட்டகையில் தங்கியிருக்கும் வடமாநிலத் தொழிலாளர்கள். எது முதலில் மூழ்கும் என்று கணக்குப் போட்ட அதே மூளையால், யார் முதலில் மூழ்குவார் என்றும் கணக்குப் போட முடியும். உங்களால் அது முடியும் என்பதற்கு மேம்பாலமே சாட்சி. அதனால்தான் உங்கள் புகழில் அதை முதலில் வைக்கிறேன்.

வீரத்தில் ஈடிணையற்றோரே! 2015 டிசம்பர் 1ஆம் தேதி தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடித் தண்ணீர் திறந்துவிடப்பட்டது. அடையாறு கரைபுரண்டு முடிச்சூர், ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் எங்கும் புகுந்தது. மின்சாரம் போனது, செல்போன் கோபுரங்கள் ஓய்ந்தன, விமான நிலையத்தை மூடினார்கள். 1878இல் தொடங்கிய 'தி இந்து' நாளிதழ்கூட டிசம்பர் 2 அன்று சென்னையில் அச்சாகவில்லை. ஊழியர்களால் அச்சகத்துக்குப் போய்ச்சேர முடியவில்லை. அப்படிப்பட்ட இரண்டு மூன்று நாள்களில் இந்த நகரத்தைத் தாங்கியவர்கள் நீங்கள். குப்பங்களிலிருந்து மீனவர்கள் ஃபைபர் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். பள்ளிவாசலும் தேவாலயமும் கோயிலும் கல்யாண மண்டபமும் கதவைத் திறந்தன. பால் பாக்கெட்டை நூறு ரூபாய்க்கு விற்றவர்கள் நடுவில், தன் வீட்டு அடுப்பில் அண்டா வைத்துத் தெருவுக்கே சாப்பாடு போட்டவர்களும் இருந்தார்கள்.

அக்கம்பக்கத்தார்தான் முதல் மீட்புப் படை என்பது உலகம் கண்ட உண்மை. 1995 ஜனவரி 17 அன்று ஜப்பானின் கோபே நகரை நிலநடுக்கம் புரட்டிப்போட்டபோது, இடிபாடுகளிலிருந்து உயிரோடு மீட்கப்பட்டவர்களில் பெரும்பாலோரைத் தூக்கி எடுத்தவர்கள் குடும்பத்தாரும் பக்கத்து வீட்டாரும்தான். உங்கள் வீரமும் அந்த வரிசையில் வைத்துப் போற்றத்தக்கது.

அந்த வீரத்தை நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். எங்கள் தெருவில் மார்பளவு தண்ணீர் நின்றது. படகைத் தள்ளிக்கொண்டு வந்த குப்பத்துத் தம்பி ஒரு வீட்டின் முன்னால் நின்று, எதிர் மொட்டை மாடியைப் பார்த்துக் கேட்டான்: "அக்கா, இந்த வீட்ல கீழ எத்தன பேரு?"

"யாரும் இல்லப்பா, ஊருக்குப் போயிட்டாங்க" என்றது ஒரு குரல். "இல்லயே, அந்தப் பாட்டி இருக்காங்களே" என்றது இன்னொன்று. "பாட்டிய மகன் வந்து கூட்டிட்டுப் போயிட்டாரு." "அது போன மாசம். திரும்பி வந்துட்டாங்க." மாடிகளுக்கு நடுவே வழக்கு நடந்துகொண்டிருக்க, தம்பி தண்ணீரிலேயே நின்றான். பிறகு கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு, மறுமுனையைப் படகில் இருந்தவனிடம் கொடுத்துவிட்டு, உள்ளே போனான். தண்ணீருக்கடியில் எந்த ஒயர் எங்கே கிடக்கிறது என்று அவனுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. பாட்டி சமையல் மேடைமேல் ஏறி உட்கார்ந்திருந்தார். தோளில் சுமந்துகொண்டு வெளியே வந்தான்.

பல ஆண்டுகளாக ஒரே தெருவில் இருந்தவர்கள் நாங்கள். ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்திருந்தால் ஒரே வரியில் கிடைத்திருக்க வேண்டிய விவரத்துக்காக, எங்கள் தெருவையே முன்பின் பார்த்திராத ஒரு பையன் உயிரைப் பணயம் வைத்தான். அவன் வீரத்துக்குத் தலைவணங்குகிறேன். அந்த வீரத்துக்கு அவ்வளவு வேலை வைத்த தெருவின் பெருமையையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

உயர்ந்து நிற்போரே! பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் மேலே மேலே சாலை போட்டு, வாசல்களைப் பள்ளமாக்கிய ஒப்பந்தக்காரர்களுக்கு நீங்கள் கொடுத்த பதிலை யாரும் பாராட்டியதில்லை. வீட்டுக்கடியில் வரிசையாக ஜாக்கிகளை வைத்து, ஆள் நின்று அங்குலம் அங்குலமாகத் திருகி, ஒரு முழு வீட்டையே சில அடி உயரத்துக்குத் தூக்கி நிறுத்துகிறீர்கள். உள்ளே பூஜையறை விளக்கு அசைவதில்லை. சுவரில் விரிசல் விழுவதில்லை. அதற்கு லட்சக்கணக்கில் செலவழிக்கவும் தயங்குவதில்லை. வசதி அவ்வளவு இல்லாதவர்கள் வாசலில் இரண்டு படி கூட்டி, காம்பவுண்டுச் சுவரை உயர்த்தி, கேட்டுக்குக் கீழே சிமென்ட் தடுப்புக் கட்டிக்கொள்கிறார்கள்.

உயர்ந்த வீடு தள்ளிவிடும் தண்ணீர் ஆவியாகிவிடாது. உயர்த்த வழியில்லாத வீட்டுக்குள் அது போய் நிற்கும். நீங்கள் ஒவ்வொருவராக உயர உயர, கடைசியில் மிஞ்சுகிற அந்த ஒற்றைத் தாழ்ந்த வீடுதான் தெருவின் குளம். அங்கே இருப்பவர் பெரும்பாலும் வாடகைக்காரர், அல்லது பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் முதியவர். வீட்டைத் தூக்கிய செலவில் ஒரு சிறு பங்கைத் தெருப் பொதுவில் போட்டிருந்தால் ஒரு டீசல் பம்ப், நல்ல கயிறு, நாலைந்து மிதவைச் சட்டைகள், டார்ச், மெகாஃபோன் எல்லாம் வாங்கி ஒரு மாடியில் வைத்திருக்கலாம். தனி வீட்டைத் தூக்கும் கலையில் தேர்ந்த உங்களுக்குத் தெருவைத் தூக்குவது பெரிய காரியமா என்ன?

அமைப்புத் திறனில் ஆன்றோரே! உங்களைப் போல் ஒரு காரியத்தை ஏற்று நடத்துகிறவர்களை நான் கண்டதில்லை. ஆடி பிறந்தால் அம்மனுக்குக் கூழ் ஊற்ற ரசீதுப் புத்தகத்தோடு வீடு வீடாக ஏறுகிறீர்கள். எந்த வீட்டில் எத்தனை குடித்தனம், எந்த மாடியில் யார், யார் கேட்டவுடன் கொடுப்பார், யார் நாலு நடை நடக்க வைப்பார், யார் வீட்டில் சாவு தீட்டு, யார் வீட்டில் புதுக் குழந்தை, எல்லாம் உங்களுக்கு அத்துப்படி. எந்த அரசாங்கக் கணக்கெடுப்பிலும் கிடைக்காத விவரம் அது. விநாயகர் சதுர்த்தி, பொங்கல், கோலப்போட்டி, கும்பாபிஷேகம் எதுவானாலும் பந்தல்காரர், சமையல்காரர், ஜெனரேட்டர், மைக் செட், பந்தி பரிமாற இளைஞர் அணி என்று ஒரு குறையும் வைப்பதில்லை. ஆயிரம் பேருக்கு அன்னதானம் போட்டு முடித்து, இலை எடுத்து, இடத்தைக் கழுவிவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறீர்கள்.

ஆடிக்கும் ஐப்பசிக்கும் நடுவில் இரண்டே மாதம்தான். ஆடியில் வீடு வீடாகத் தெரிந்திருந்த ஆள்கள், ஐப்பசியில் தண்ணீர் வந்ததும் யார் எங்கே என்று தெரியாமல் போய்விடுகிறார்கள். நன்கொடை தருகிறவர் பெயரை எழுதிய நோட்டில், நடக்க முடியாதவர் பெயரை எழுத ஒரு பத்தி போதும்.

அடுக்குமாடிக் குடியிருப்போர் நலச் சங்கங்களையும் விட்டுவிடக் கூடாது. மாதப் பராமரிப்புத் தொகை ஐந்தாம் தேதிக்குள் வசூலாகிவிடுகிறது. பாக்கி வைத்தவர் பெயர் லிஃப்ட் பக்கத்திலேயே ஒட்டப்படுகிறது. கேமரா, கேட், விருந்தினர் பதிவேடு, வண்டிக்கு ஸ்டிக்கர் என்று கட்டுக்கோப்பு அபாரம். பொதுக்குழுவில் வண்டி நிறுத்தும் இடம் பற்றி ஒரு மணி நேரம், நாய் பற்றி ஒரு மணி நேரம் தெளிவாக விவாதிக்கிறீர்கள். மழை பற்றிய பேச்சு, நிகழ்ச்சி நிரலின் கடைசி வரியான 'மற்றவை'யில் வருகிறது. ஓய்வுபெற்ற ஒருவர் எழுந்து, "தண்ணி ஏறினா மெயின யாரு ஆஃப் பண்றது, அத மட்டுமாச்சும் இன்னிக்கு முடிவு பண்ணிடலாமே" என்கிறார். "அதெல்லாம் அப்ப பாத்துக்கலாம் சார்" என்ற பதிலோடு கூட்டம் நிறைவடைகிறது.

அந்த 'அப்ப' வரும்போது முதலில் நனைகிறவர் வாட்ச்மேன். கீழே தூண்களுக்கு நடுவில், மின்சாரப் பெட்டிக்குப் பக்கத்தில் கட்டில் போட்டுப் படுப்பவர் அவர்தான். சங்கத்தில் அவருக்கு ஓட்டு இல்லை. பல சங்கங்களில் வாடகைக்கு இருப்பவருக்கும் இல்லை. வீட்டு வேலைக்கு வரும் அம்மா எந்தப் பகுதியிலிருந்து வருகிறார், அவர் வீட்டில் தண்ணீர் புகுந்தால் எங்கே போவார் என்பது எந்தப் பதிவேட்டிலும் இல்லை. தண்ணீர் பத்திரம் பார்த்துவிட்டு உள்ளே நுழைவதில்லை. அது உரிமையாளருக்கும் வாடகைக்காரருக்கும் ஒரே அளவில்தான் ஏறும்.

தகவல் பரப்புவதில் தலைசிறந்தோரே! மேகம் கறுத்தால் போதும், தெருவின் வாட்ஸப் குழு விழித்துக்கொள்கிறது. ரேடார் படம், புயலின் பாதை, வானிலை ஆர்வலரின் கணிப்பு, போன வருஷத்து வீடியோ, 'செம்பரம்பாக்கம் உடைந்துவிட்டது' என்ற குரல் பதிவு, எல்லாம் நிமிடத்தில் நூறு வீட்டைச் சேர்கின்றன. உங்கள் வேகத்துக்கு எந்தத் தொலைக்காட்சியும் ஈடு கொடுக்க முடியாது. கோபுரம் ஓய்ந்து, செல்போனில் சார்ஜ் தீர்ந்ததும் அதே தெருவில் அடுத்த வீட்டுக்குச் செய்தி சொல்ல ஒரு விசில்கூட இருப்பதில்லை.

புதுச்சேரிக்கு அருகே நல்லவாடு என்ற மீனவக் கிராமத்தை இங்கே நினைக்க வேண்டும். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே ஒரு தகவல் மையம் அமைத்து, கடல் நிலவரத்தை ஒலிபெருக்கியில் ஊருக்குச் சொல்லும் வழக்கத்தை ஏற்படுத்தியிருந்தது. 2004 டிசம்பர் 26 காலையில் சிங்கப்பூரில் இருந்த அந்த ஊர்க்காரர் ஒருவர், தொலைக்காட்சியில் செய்தியைப் பார்த்துவிட்டு வீட்டுக்குத் தொலைபேசியில் எச்சரித்தார். ஊர்க்காரர்கள் மையத்தின் கதவை உடைத்துத் திறந்து, ஒலிபெருக்கியில் எல்லாரையும் கரையை விட்டு ஓடச் சொன்னார்கள். சுனாமி வந்து படகுகளையும் வீடுகளையும் சிதைத்தது. ஊரில் ஓர் உயிர்கூடப் போகவில்லை. தினமும் கேட்டுப் பழகிய குரல் என்பதால் ஊர் அதை நம்பி ஓடியது. நாளெல்லாம் எதையும் அனுப்பிப் பழகிய குழுவில், உண்மையான எச்சரிக்கை வந்தால் யார் நம்பி எழுந்து போவார்கள்? செய்தியைப் பரப்புவதில் காட்டும் வேகத்தைச் செய்தியைப் பிரித்தறிவதில் காட்ட, தெருவுக்கு ஒருவரை நியமிக்க உங்களால் முடியாதா?

நம்பிக்கையில் நிறைந்தோரே! அரசாங்கத்தின் மேல் நீங்கள் வைத்திருக்கும் பற்று மெய்சிலிர்க்க வைக்கிறது. மாநகராட்சிக்கு 1913, மாநிலக் கட்டுப்பாட்டு அறைக்கு 1070, மாவட்டத்துக்கு 1077 என்று எண்களை மனப்பாடமாக வைத்திருக்கிறீர்கள். முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு, மூழ்கப்போகும் போனில், அந்த எண்களை விடாமல் அழுத்துகிறீர்கள். அரசும் உங்கள் நம்பிக்கைக்கு உரியதுதான். எதைச் செய்தாலும் போர்க்கால அடிப்படையிலேயே செய்கிறது. அமைதிக்கால அடிப்படையில் செய்ய வேண்டிய வேலைகளையும் போர் மூளும்வரை பொறுமையாகக் காத்திருந்து செய்கிறது. 2015 வெள்ளம் மனிதரால் விளைந்த பேரிடர் என்று இந்தியத் தணிக்கைத் துறையே சொன்னது. அந்த அறிக்கை 2018இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. வைத்த இடத்தில் பத்திரமாக இருக்கிறது.

2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம் தேசியம், மாநிலம், மாவட்டம் என்று மூன்று படிகளில் ஆணையங்களை அமைத்தது. அதற்குக் கீழே தெரு என்ற படியைக் கட்ட வேண்டியவர்கள் நாம். அதற்கான வாசலும் திறந்தே இருக்கிறது. தமிழ்நாட்டு நகரங்களில் 2022 நவம்பர் 1 அன்று பகுதி சபைக் கூட்டங்கள் தொடங்கின. அங்கே எழுந்து, "எங்க தெருவுக்கு மழைத் திட்டம் என்ன, முகாம் எந்தப் பள்ளிக்கூடம், அதோட சாவி யார்கிட்ட இருக்கு?" என்று கேட்கலாம். ஆபத்துக் காலத் தொண்டர்களுக்கு ஆப்த மித்ரா என்ற பெயரில் அரசே பயிற்சி கொடுக்கும் திட்டம் இருக்கிறது. நம் தெருவில் பயிற்சி பெற்றவர் உண்டா என்று கேட்கலாம், இல்லையென்றால் இருவரை அனுப்பலாம்.

மீட்புப் படை வரவே வராது என்று நான் சொல்லவில்லை. வரும், ஆனால் முதல் நாளில் வராது. 2023 டிசம்பர் 17, 18இல் காயல்பட்டினத்தில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் கொட்டியது. தாமிரபரணி பெருக்கெடுத்துச் சாலைகளை அறுத்தது. ஸ்ரீவைகுண்டத்தில் திருச்செந்தூர் விரைவு ரயில் நின்றுபோய், சுமார் 800 பயணிகள் சிக்கிக்கொண்டார்கள். ஹெலிகாப்டரும் மீட்புக் குழுவும் போய்ச்சேரும்வரை அவர்களுக்குச் சோறு பொங்கிப் போட்டவர்கள் அக்கம்பக்கத்துக் கிராமத்து மக்கள். முதல் இருபத்து நான்கு மணி நேரம் எப்போதும் பக்கத்து வீட்டாருக்கே உரியது. அந்த நேரத்தை வெறும் காத்திருப்பில் கழிப்பதற்கு உங்களைத் தவிர வேறு யாருக்கும் இவ்வளவு நம்பிக்கை இராது.

நினைவாற்றலில் நிகரற்றோரே! 2015இல் தண்ணீர் எந்த ஜன்னல்வரை வந்தது என்று சுவரைத் தொட்டுக் காட்டுகிறீர்கள். மிக்ஜாம் புயலின்போது எந்த மணிக்குக் கரண்ட் போனது, எத்தனையாவது நாள் வந்தது, எவ்வளவு விலைக்குத் தண்ணீர் கேன் வாங்கினீர்கள் என்று பிசகாமல் சொல்கிறீர்கள். பேரப்பிள்ளைகளுக்கும் அந்தக் கதை தெரியும். ஒடிசாக்காரர்களுக்கும் நினைவு உண்டு. 1999 அக்டோபர் 29இல் வந்த பெரும்புயலில் அவர்கள் ஏறக்குறைய பத்தாயிரம் பேரைப் பறிகொடுத்தார்கள். அந்த நினைவைப் புயல் காப்பகங்களாகக் கட்டினார்கள், ஊர்க் குழுக்களாகப் பிரித்தார்கள். எச்சரிக்கை சொல்ல ஒரு குழு, தேடி மீட்க ஒரு குழு, முதலுதவிக்கு ஒரு குழு. 2013இல் பைலின் புயல் வந்தபோது சுமார் பத்து லட்சம் பேர் முன்கூட்டியே இடம்பெயர்ந்தார்கள். இறந்தவர் எண்ணிக்கை சில பத்துகளில் நின்றது. அங்கே வெங்கட்ராய்ப்பூர், நோலியாசாகி என்ற இரண்டு கடலோரக் கிராமங்கள் சுனாமிக்குத் தயாரான ஊர்கள் என்று 2020இல் யுனெஸ்கோவின் அங்கீகாரம் பெற்றன. அவர்கள் நம்மைவிடப் பணக்காரர்களும் இல்லை, படித்தவர்களும் இல்லை. நமக்கு இருக்கும் நினைவாற்றல் அவர்களுக்கும் இருந்தது, அதைக் கதையோடு நிறுத்திக்கொள்ளவில்லை.

தாய்க்குலத்தைப் போற்றுவோரே! சங்கத்தின் ஆண்டு விழாவில் பெண்களுக்குக் கோலப்போட்டியும் சமையல் போட்டியும் தனியே வைத்து மரியாதை செய்கிறீர்கள். இந்தத் தமிழ்நாட்டில் 1989இல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் சுயஉதவிக் குழுக்கள் வாராவாரம் கூடி, பணம் எண்ணி, கணக்கெழுதி, கடன் கொடுத்து, திருப்பி வாங்கி, ஒருத்தி வரவில்லையென்றால் வீட்டுக்கே போய் ஏன் என்று கேட்டு வந்திருக்கின்றன. தெருவை ஒருங்கிணைக்கத் தேவையான அத்தனை பழக்கமும் அவர்களிடம் இருக்கிறது. பகலில் தெருவில் இருப்பவர்களும் அவர்களே. எந்த வீட்டில் குழந்தைக்கு வலிப்பு, எந்த வீட்டில் மாமியாருக்கு இன்சுலின் ஊசி என்று அவர்களுக்குத்தான் தெரியும். வங்கதேசத்தில் 1970 புயலில் குறைந்தது மூன்று லட்சம் பேர் மாண்டபின், 1972இல் தொடங்கிய புயல் முன்னேற்பாட்டுத் திட்டத்தில் இன்று எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட தொண்டர்கள் இருக்கிறார்கள்; அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் பெண்கள். கொடி ஏற்றி, மெகாஃபோனில் கூவி, வீடு வீடாகப் போய் மக்களைக் காப்பகத்துக்கு அழைத்துப் போகிறார்கள். நம் சங்கங்களின் மேடையில் பெண்கள் பெரும்பாலும் குத்துவிளக்கு ஏற்ற அழைக்கப்படுகிறார்கள். அந்த மரியாதை போதும், இனி செயற்குழுவில் நாற்காலி கொடுங்கள்.

பெருமக்களே! இந்த மடலில் நான் சொன்ன புகழ்ச்சி ஒன்றும் பொய்யில்லை. உங்கள் மேல் என் குற்றச்சாட்டும் அதுவேதான். திட்டமிடத் தெரியாத தெருவை மன்னிக்கலாம். வசூலிக்கத் தெரியாத, ஆள் திரட்டத் தெரியாத, பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார் என்று அறியாத தெருவை நொந்துகொள்ளவும் முடியாது. உங்களுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. கார் நனையாமல் காப்பாற்றத் தெரிந்தவர்களால், பாட்டி சமையல் மேடைமேல் ஏறி உட்காராமல் இருக்கச் செய்ய முடியும். முடியும்போதே செய்யாமல் விட்டது எனக்கு ஆறவில்லை.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் கொடுங்கள். ஆடி வசூலுக்குப் போன அதே ஆள்கள் அதே நோட்டோடு வீடேறட்டும். ஒவ்வொரு வீட்டிலும் தானாக எழுந்து நடக்க முடியாதவர் யார், என்ன மருந்து, யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று எழுதட்டும். அப்படிப்பட்ட ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே, அவரைத் தூக்கிக்கொண்டு போகப் போகும் இருவர் பெயரை எழுதி, அவர்களிடம் கையெழுத்து வாங்கட்டும். எந்த வீட்டு முதல் மாடி எல்லாருக்கும் திறக்கும், அந்தச் சாவி வேறு யாரிடம் இருக்கும் என்று முடிவாகட்டும். தண்ணீர் தெருமுனைக் கோயிலின் எந்தப் படியைத் தொட்டால் மெயின் சுவிட்சை அணைப்பது, எந்தப் படியைத் தொட்டால் தரைத்தளத்தைக் காலி செய்வது என்று சுண்ணாம்பால் கோடு போட்டு வையுங்கள். அந்த நேரத்தில் விவாதத்துக்கு இடமிருக்கக் கூடாது. கேஸ் சிலிண்டரை மூடுவது, தொட்டித் தண்ணீருக்குக் குளோரின் போடுவது, விசில் ஊதினால் என்ன பொருள் என்பதைப் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள். அருகிலுள்ள குப்பத்துக்கு இருவர் நேரில் போய், படகுக்காரரிடம் பேசி, அவர் எண்ணை வாங்கி, வந்தால் என்ன கூலி என்றும் மரியாதையாகப் பேசி முடியுங்கள். தகரக் கொட்டகைத் தொழிலாளர்களையும் வாட்ச்மேனையும் அந்தக் கணக்கில் சேருங்கள். ஒருமுறை எல்லாரையும் இறக்கி, ஏற்றி, ஒத்திகை பாருங்கள். எங்கே படி குறுகல், யாருடைய கட்டில் கதவில் நுழையாது என்பது அப்போதுதான் தெரியும்.

வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் மூன்றாம் வாரத்தில் தொடங்கிவிடும். அதற்குள் நோட்டு எழுதி முடித்து, ஒரு பிரதியைத் தெருவின் மேடான வீட்டில் வைத்துவிடுங்கள்.